பழைய ஸ்னோமொபைல் வாங்கியாச்சு, அடுத்து என்ன?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து தொகுத்து எழுதியது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



போன வாரம் சட்பரியிலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். படிப்பு முடிச்சு வேலைக்குச் சேர்ந்திருக்கார், வடக்கு ஒன்டாரியோவில் இது அவருக்கு இரண்டாவது குளிர்காலம். பக்கத்து ஊரில் ஒரு பெரியவரின் கொட்டகையில் எட்டு வருஷமா தார்ப்பாய் மூடிக் கிடந்த 1970-களின் ஸ்னோமொபைல் ஒண்ணை வாங்கிட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "அண்ணா, மூணே இழுப்பில் ஸ்டார்ட் ஆயிடுச்சு! சனிக்கிழமை ஏரிக்கு எடுத்துட்டுப் போறேன். ஏதாவது பார்க்கணுமா?"

நான் ஒரு வரிதான் பதில் அனுப்பினேன்: "இந்தச் சனிக்கிழமை வேண்டாம் தம்பி."

ஏன்னு இந்த எபிசோடில் விளக்கமா சொல்றேன். முதலில் என் கதை. ஆறு குளிர்காலத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரி ஒண்ணு வாங்கினேன். எனக்கும் மூணு இழுப்பில் ஸ்டார்ட் ஆச்சு. மறுநாளே உறைந்த ஏரி மேல் கிளம்பிட்டேன். ஆறு கிலோமீட்டர் போனதும் எஞ்சின் சத்தம் கொஞ்சம் கூர்மையாச்சு, இழுவையும் கூடின மாதிரி இருந்தது. "அட, வண்டி இப்பதான் சூடேறி ஓடுது"ன்னு நினைச்சேன். அடுத்த நிமிஷம் ஒரு கீச்சொலி, அப்புறம் முழு அமைதி. கயிறை இழுத்தால் அசையவே இல்லை. எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு.

வெளியே மைனஸ் 22 டிகிரி. போனில் சிக்னல் இல்லை. வந்த தடத்திலேயே நடந்து கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆச்சு. இன்னைக்கும் குளிர் ஏறினால் வலது கால் கட்டைவிரல் முதலில் மரத்துப்போகும். அன்னைக்கு மிச்சம் வந்தது அது.

அதனால்தான் சொல்றேன்: வண்டி ஸ்டார்ட் ஆகுதாங்கிறது கொட்டகையிலேயே தெரிஞ்சுடும். திரும்பி வருமான்னு தெரிஞ்சுக்கத்தான் மெனக்கெடணும்.

இந்த வண்டி எதுக்காகப் பிறந்தது

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட்னு ஒரு சின்ன ஊர். அங்கே ஜோசப்-அர்மான்ட் பொம்பார்டியே என்ற மெக்கானிக் பனியில் ஓடும் வண்டி செய்யணும்னு பல வருஷமா முயற்சி பண்ணிக்கிட்டிருந்தார். அந்தக் காலத்தில் குளிர்காலம் வந்தால் கிராமத்துச் சாலைகள் மூடிடும். 1934-ல் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி. பனியைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்துபோச்சு. 1937-ல் தன்னுடைய பல்சக்கரம், டிராக் அமைப்புக்கு அவர் காப்புரிமை வாங்கினார். முதலில் செய்தவை பலர் உட்கார்ந்து போகும் பெரிய வண்டிகள். ஒருத்தர் இரண்டு பேர் போகிற சின்ன வண்டியான ஸ்கி-டூ 1959-ல் வந்தது.

அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வட அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் ஸ்னோமொபைல் செய்ய ஆரம்பிச்சன. இன்னைக்குக் கொட்டகைகளில் கிடைக்கிற பழைய வண்டிகள் பலவும் அந்தக் காலத்துப் பிள்ளைகள்தான். பெரும்பாலும் காற்றால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். ஆர்எக்ஸ் 100 சத்தத்தையும் அந்தப் புகை வாசனையையும் ஞாபகம் வச்சிருக்கிறவங்களுக்கு இந்த எஞ்சின் தூரத்துச் சொந்தம்.

தூங்கின எஞ்சினுக்கு என்ன ஆகும்

நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு: "எட்டு வருஷமா ஓடவே இல்லை, அப்போ தேய்மானமே இருக்காது." உண்மை அப்படியே தலைகீழ். ஓடாமல் கிடக்கிற வண்டியில் ரப்பர் காயும், பெட்ரோல் பிசினாகும், எலி குடும்பம் நடத்தும்.

இதில் ரப்பர்தான் முக்கிய வில்லன். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கிற கிராங்க் கேஸே ஒரு பம்ப் மாதிரி வேலை செய்யுது. காற்று, பெட்ரோல், ஆயில் மூணும் கலந்து அந்த அறை வழியாத்தான் மேலே போகணும். அந்த அறை காற்றுப் புகாமல் இருக்கணும். கிராங்க் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் இருக்கிற ஆயில் சீல்தான் அதைக் காக்குது. சீல் வயசாகி இறுகிப்போனால் அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே கசியும்.

காற்று கூடினால் கலவையில் பெட்ரோல் பங்கு குறையும். மெக்கானிக்குகள் இதை "லீன்" ஆகுதுன்னு சொல்வாங்க. லீன் ஆனால் சூடு ஏறும். இந்த எஞ்சினில் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்துதான் வருது. அதனால் சூடு ஏறுகிற அதே நேரத்தில் வழவழப்பும் குறையுது. பிஸ்டன் விரிஞ்சு சிலிண்டர் சுவரைக் கடிக்குது. கதை முடிஞ்சது.

இதில் மோசம் என்னன்னா, லீனாக ஓடும் எஞ்சின் சாகிறதுக்குக் கொஞ்சம் முன்னால் நல்லாவே ஓடும், இன்னும் வேகமாக் கூட ஓடும். அன்னைக்கு ஏரியில் நான் "சூடேறி ஓடுது"ன்னு சந்தோஷப்பட்டது இதைப் பார்த்துத்தான்.

இன்னொண்ணு. குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம். கொட்டகையில் ஐந்து டிகிரியில் சரியா இருந்த கார்புரேட்டர் செட்டிங், வெளியே மைனஸ் 25-ல் லீன் ஆகும். அதனால் கராஜில் அழகா ஓடுதுங்கிறது எதுக்கும் உத்தரவாதம் இல்லை.

முதல் நாள்: ஸ்டார்ட் பண்ணாதீங்க

மூடியைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாருங்க. ஏர்பாக்ஸ், சைலன்சர், எஞ்சினைச் சுத்தி இருக்கிற கூலிங் கவசம், மூணு இடத்திலும் எலிக்கூடு இருக்கலாம். கவசத்துக்குள்ளே பஞ்சு அடைச்சிருந்தால் காற்று போகாது, சிலிண்டர் வேகும். ஃபேன் உள்ள எஞ்சின் என்றால் ஃபேன் பெல்ட்டில் வெடிப்பு இருக்கான்னும் பாருங்க.

ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றுங்க. அந்தத் துளை வழியா ஒரு ஸ்பூன் டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, கயிறை மெதுவா நாலைஞ்சு தடவை இழுங்க. தடங்கல் இல்லாமல் சுத்தணும். அப்புறம் கம்ப்ரெஷன் கேஜ் மாட்டி, த்ராட்டிலை முழுசாத் திறந்து வச்சு, வேகமா இழுங்க. ஆரோக்கியமான பழைய எஞ்சினில் சுமார் 120 பிஎஸ்ஐ காட்டும். 100-க்குக் கீழே இருந்தால் பிஸ்டன் ரிங்கைப் பார்க்காமல் மேலே செலவு பண்ணாதீங்க. இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

ஓட வைக்கும் முன் நிற்க வைக்கணும்

நிறைய பேர் இதைக் கடைசிக்குத் தள்ளிடுவாங்க. த்ராட்டில் லீவரை அழுத்திவிடுங்க. "டக்"னு திரும்பணும். சோம்பேறித்தனமா வந்தால் கேபிளை மாத்துங்க. கேபிளுக்குள்ளே ஈரம் புகுந்தால் வெளியே போனதும் அது உறைந்துவிடும், த்ராட்டில் திறந்தபடியே நின்னுடும்.

பழைய வண்டிகளில் கில் சுவிட்ச் வேலை செய்கிற விதம் விசித்திரம். அது மின்சாரத்தைத் துண்டிக்காது, இக்னிஷனை பாடியோடு எர்த் பண்ணி நிறுத்தும். அதனால் அந்த ஒயர் அறுந்திருந்தால் எஞ்சின் ஓடும், ஆனா நிறுத்த முடியாது. அப்படி மாட்டிக்கிட்டா சோக்கை முழுசா இழுங்க. பெட்ரோல் அதிகமாகி மூச்சு முட்டி நின்னுடும். ஓட்டுறவர் உடம்போடு கட்டிக்கிற கயிறு சுவிட்ச் பழைய வண்டி பலவற்றில் கிடையாது. தனியா வாங்கி மாட்டலாம், கட்டாயம் மாட்டுங்க. நீங்க கீழே விழுந்தால் வண்டி நிற்கணும்.

பிரேக் பிடிக்குதான்னு எஞ்சின் ஓடாத நிலையில் வண்டியைத் தள்ளியே பார்த்துடலாம்.

பெட்ரோல், ஆயில், கார்புரேட்டர்

டேங்கில் இருக்கிற பழைய பெட்ரோலை முழுசா எடுத்துடுங்க. புதுசா ஊற்றிக் கலந்துக்கலாம்னு நினைக்காதீங்க. எரிபொருள் குழாய்கள், ஃபில்டர் எல்லாம் புதுசு போடுங்க, செலவு கம்மிதான். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பரையும் கெடுக்கும். எத்தனால் இல்லாதது கிடைத்தால் அதையே போடுங்க.

டூ-ஸ்ட்ரோக் ஆயிலை எந்த விகிதத்தில் கலக்கணும்னு உங்க வண்டியின் கையேடோ டேங்க் ஸ்டிக்கரோ சொல்லும். கணக்கு இதுதான்: 5 லிட்டர் பெட்ரோலுக்கு 50:1 என்றால் 100 மில்லி, 40:1 என்றால் 125 மில்லி, 20:1 என்றால் 250 மில்லி. "எதுக்கும் இருக்கட்டும்"னு ஆயிலைத் தாராளமா ஊற்றுறது நம்ம பழக்கம். ஆனா கார்புரேட்டர் ஜெட் வழியா போகிற அளவு மாறாது. அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும். அதாவது ஆயில் அதிகமானாலும் கலவை லீன் பக்கம்தான் நகரும். அளந்து ஊற்றுங்க.

கார்புரேட்டரை வெளியே எடுத்து முழுசாப் பிரிச்சுக் கழுவணும். வெளியிலிருந்து ஸ்ப்ரே அடிச்சால் மட்டும் போதாது. ஒவ்வொரு துளையிலும் வெளிச்சம் தெரியணும். 1960-களின் வண்டிகள் பலவற்றில் உள்ளே மெல்லிய ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். அது அட்டை மாதிரி விறைச்சிருந்தால் புது கிட் வாங்கி மாத்துங்க. எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் இணைப்பையும் வளைச்சுப் பாருங்க. அதில் கீறல் இருந்தாலும் காற்று கசியும்.

சோப்புத் தண்ணி டெஸ்ட்

இந்த எபிசோடில் ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க. கார்புரேட்டர் இருந்த வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் அடைப்பால் மூடுங்க. ப்ளக் இறுக்கமா இருக்கட்டும். கிராங்க் கேஸிலிருந்து ஃப்யூயல் பம்புக்குப் போகிற சின்னக் குழாய் முனையில் கேஜ் உள்ள கைப்பம்ப் மாட்டி, சுமார் 6 பிஎஸ்ஐ வரை காற்று ஏத்துங்க. அதுக்கு மேல் போகாதீங்க, நல்ல சீலே வெளியே வந்துடும்.

கேஜ் முள் சில நிமிஷம் அப்படியே நின்னால் எஞ்சின் இறுக்கமா இருக்கு. இறங்கினால் சோப்புத் தண்ணியைப் பிரஷ்ஷால் தடவுங்க: கிராங்க் கேஸ் இணைப்பு, சிலிண்டர் அடி, கிளட்ச் பக்க சீல், ஃப்ளைவீல் பக்க சீல். எங்கே குமிழி வருதோ அங்கே நோய். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற அதே வித்தைதான். சில எஞ்சின்களில் சீலை வெளியிலிருந்தே மாத்தலாம், சிலதில் எஞ்சினைப் பிரிக்கணும். பிரிக்க வேண்டியிருந்தால் தெரிஞ்ச மெக்கானிக்கிடம் கொடுங்க. அன்னைக்கு என் எஞ்சினைப் பிரிச்சுப் பார்த்தப்போ ஒரு சின்ன சீல்தான் காரணம். அதைவிட அன்னைக்கு நான் குடிச்ச காபிகளுக்குச் செலவு அதிகம்.

பெல்ட், செயின், டிராக்

ஸ்னோமொபைலில் கியர் கிடையாது, ஸ்கூட்டி மாதிரி பெல்ட்தான். எஞ்சின் பக்கம் ஒரு கிளட்ச், டிராக் பக்கம் ஒரு கிளட்ச், நடுவில் பெல்ட். பக்கவாட்டில் நூல் பிரிஞ்சிருந்தாலோ, புதுசோடு ஒப்பிட்டால் சுமார் 3 மில்லிமீட்டர் ஒடுங்கியிருந்தாலோ மாத்திடுங்க. கிளட்ச் மூடியைக் கழற்றி வச்சுட்டு எஞ்சினை ஓட விடவே கூடாது. அந்த வேகத்தில் பெல்ட் அறுந்தால் சவுக்கடிதான்.

செயின்கேஸ் ஆயிலை இறக்கிப் பாருங்க. மின்னும் இரும்புத்தூள் இருந்தால் செயினையும் பேரிங்கையும் கவனிக்கணும். டிராக்கில் மேலோட்டமான வெடிப்பு பரவாயில்லை, உள்ளே இருக்கிற நூல் தெரிந்தால் மாத்தணும். டிராக்கைத் தாங்கும் சின்னச் சக்கரங்களை ஒவ்வொண்ணா கையால் சுத்துங்க. கரகரன்னு சத்தம் வந்தால் பேரிங் போச்சு. சக்கரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்லைடர் உள்ள வண்டி என்றால், அதுக்கு வழவழப்பும் குளிர்ச்சியும் பனியிலிருந்துதான் கிடைக்குது. வெறும் ரோட்டில் ஓட்டினால் உருகிடும்.

டிராக்கைச் சுழல விட்டுப் பார்க்கணும்னா பின்பக்கத்தை உறுதியான ஸ்டாண்டில் ஏத்தி, சுவரைப் பார்க்க நிறுத்துங்க. பின்னால் யாரும் நிற்கக் கூடாது, கல் தெறிக்கும். அப்புறம் கராஜ் கதவு திறந்தே இருக்கட்டும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும்.

மக்கர் பண்ணினால்

ஸ்டார்ட் ஆகலையா? பத்து இழுப்புக்கு அப்புறம் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்க. காய்ஞ்சிருந்தால் பெட்ரோல் வரலை: டேங்க், ஃபில்டர், பம்ப், கார்புரேட்டர்னு வரிசையாப் போங்க. நனைஞ்சிருந்தால் பெட்ரோல் வருது, ஸ்பார்க் பக்கம் பாருங்க. முதலில் புது ப்ளக். அப்புறம் பாயின்ட். வருஷக்கணக்கில் கிடந்தால் பாயின்ட் முனையில் பாசம் பிடிக்கும், மெல்லிசாச் சுத்தம் பண்ணி இடைவெளியைச் சரி பண்ணணும். பல எஞ்சின்களில் அது 0.35-லிருந்து 0.45 மில்லிமீட்டர். உங்க வண்டிக்குக் கையேடு சொல்றதே சரி.

ஸ்டார்ட் ஆகி நின்னு போகுதா? ஒரு தடவை பெட்ரோல் மூடியைத் தளர்த்திப் பாருங்க. டேங்கின் காற்றுத்துளை அடைச்சிருந்தால் உள்ளே வெற்றிடமாகி பெட்ரோல் வராது. சூடானதும் மட்டும் ஸ்பார்க் போகுதுன்னா கண்டென்சர், காயில் மேல் சந்தேகப்படுங்க.

சத்தம் அதிகம், வேகம் இல்லையா? பெல்ட் அல்லது கிளட்ச். த்ராட்டில் தொடாமலே வண்டி ஊருதா? ஐடில் அதிகம், இல்லைன்னா எஞ்சின் பக்க கிளட்ச் சிக்குது.

த்ராட்டிலை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்க மறுக்குதா? உடனே நிறுத்துங்க. காற்றுக் கசிவின் அடையாளம் அது. மறுபடி சோப்புத் தண்ணிக்குப் போங்க.

முதல் பயணம்

வீட்டுக்குப் பக்கத்தில், நடந்தே திரும்பக்கூடிய தூரத்தில் சுத்துங்க. பத்து நிமிஷம் ஓட்டி, குளிர விட்டு, மறுபடி ஓட்டுங்க. பிறகு நல்ல லோடில் கொஞ்சம் ஓட்டி, அந்த வேகத்திலேயே சுவிட்சை அணைச்சு ப்ளக்கைப் பாருங்க. பழுப்பு நிறம் நல்லது. கறுப்பா ஈரமா இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப் போயிருந்தால் லீன், அன்னைக்கு ஓட்டம் அதோடு முடிஞ்சது. ஐடிலில் ஓடிய ப்ளக்கின் நிறத்தை வச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க.

சீட்டுக்கு அடியில் உதிரி பெல்ட், இரண்டு ப்ளக், ப்ளக் ஸ்பானர், கத்தி, கயிறு, டார்ச், தீப்பெட்டி இருக்கட்டும். ஹெல்மெட் கட்டாயம். ஒன்டாரியோவில் வண்டியைப் பதிவு பண்ணணும், பராமரிக்கப்படும் தடங்களில் போக தனியா பெர்மிட் வேணும். ஏரி மேல் போறதுன்னா, ஸ்னோமொபைலுக்குக் குறைந்தது 25 சென்டிமீட்டர் பனிக்கட்டி வேணும்னு கனடா செஞ்சிலுவைச் சங்கம் சொல்லுது. தனியா போகாதீங்க. எங்கே போறீங்க, எப்போ வருவீங்கன்னு வீட்டில் ஒருத்தர்கிட்டயாவது சொல்லிட்டுப் போங்க. அன்னைக்கு நான் சொல்லலை.

சீசன் முடிஞ்சதும் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி பண்ணி, எஞ்சினுக்குள்ளே ஃபாகிங் ஆயில் அடிச்சு, பெல்ட்டைக் கழற்றி, டிராக்கைத் தரையிலிருந்து தூக்கி வைங்க. எலிக்கு இடம் கொடுக்காமல் துளைகளை அடைங்க. ஆனா அடைச்சதை அடுத்த சீசனில் எடுக்க மறக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. இந்த எபிசோடைப் பதிவு பண்றதுக்கு முதல் நாள் ராத்திரி சட்பரி தம்பி ஒரு படம் அனுப்பினார். கிளட்ச் பக்க சீலைச் சுத்தி, திருவிழாவில் குழந்தைங்க ஊதுற மாதிரி சோப்புக் குமிழி. கீழே ஒரு வரி: "அண்ணா, சனிக்கிழமை வீட்லயே பிரியாணி பண்றேன்."

உங்க கேள்விகளை வாய்ஸ் மெசேஜில் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.